பொழிமுகத்தில் உடையும் அலை: புணேயில் தேடப்படும் தீர்வு

சிஞ்ச்வட்: மகாராஷ்டிரத்தின் தொழில் நகரமான சிஞ்ச்வட்டில் கடல் இல்லை. அரபிக் கடல் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் இருந்தபோதிலும், இடையே சஹ்யாத்ரி மலைத்தொடர் நிற்கிறது. அதனால் ஊரின் ஊடே ஓடும் பவனா ஆறு மேற்கே திரும்பாமல் கிழக்கே சென்று, பீமா, கிருஷ்ணா ஆறுகளோடு கலந்து, ஆந்திரத்தில் வங்கக் கடலைத் தொடுகிறது. ஆயினும், கேரளத்தின் முதலப்பொழியில் ஒரு மீன்பிடி வள்ளம் பாதுகாப்பாகக் கரை சேருமா என்ற கேள்விக்கான விடை, இந்நகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள கடக்வாஸ்லாவில்தான் தேடப்பட்டு வருகிறது.

அங்குள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் 1916-இல் பம்பாய் மாகாண அரசால் பாசன ஆய்வுக்காகத் தொடங்கப்பட்டது. இப்போது மத்திய ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நாட்டின் துறைமுகங்கள், ஆற்று முகங்கள், அலைதடுப்புச் சுவர்கள் பலவும் கட்டப்படுவதற்கு முன்னர் இங்கே சிறிய அளவு மாதிரியாகவோ கணினிக் கணக்காகவோ ஒருமுறை கட்டிப் பார்க்கப்படுகின்றன. தொட்டியில் செயற்கையாக அலை எழுப்பி, மணல் எங்கே ஒதுங்குகிறது, நீர் எங்கே சுழல்கிறது என்று பொறியாளர்கள் அளக்கின்றனர். முதலப்பொழிக்கான புதிய வடிவமைப்பும் இந்நிலையத்தின் ஆய்வைச் சார்ந்ததே.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலோடு கலக்கும் இடம் முதலப்பொழி. 2023-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி அதிகாலையில் அங்கு ஒரு படகு கவிழ்ந்து, அதில் இருந்த மீனவர் நால்வரும் உயிரிழந்தனர். ஆறுதல் கூறச் சென்ற மாநில அமைச்சர்கள் மக்களின் சீற்றத்தை நேரில் சந்திக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரிலும், இருபதுக்கும் மேற்பட்டோருடன் திரும்பிய படகு ஒன்று அதே வாயிலில் கவிழ்ந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. துறைமுகப் பணி தொடங்கிய காலத்திலிருந்து அந்த இடத்தில் இறந்தோரின் எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது என மீனவர் அமைப்புகள் கூறுகின்றன. நடுக்கடலில் புயலில் சிக்கி மாண்டவர்களின் கணக்கல்ல இது. வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கரையில் நிற்போர் பார்த்துக்கொண்டிருக்கையில் நேர்ந்த மரணங்கள்.

கடலில் பல மணி நேரம் பத்திரமாக மிதந்த படகு, வாயிலைக் கடக்கும் சில நிமிடங்களில் ஏன் கவிழ வேண்டும்? இதற்கான விளக்கம் எளியது. ஆனால் திட்டம் தீட்டுவோர் பலர் இதை மனத்தில் கொள்வதில்லை.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் அதன் வேகம் குறைகிறது. சுமந்து வந்த மணலை அங்கே இறக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், கரைக்குச் சாய்வாக மோதும் அலைகள் கரையோர மணலை ஆண்டு முழுவதும் நகர்த்திக் கொண்டே இருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து ஆற்று வாயின் குறுக்கே நீருக்கடியில் ஒரு மணல் மேட்டை எழுப்புகின்றன. கடற்கரை மக்கள் பொழி, முகத்துவாரம், கழிமுகம் என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயரிட்டு அழைக்கும் வாயிலில் படகுகளுக்குக் காத்திருக்கும் எதிரி இந்த மேடுதான். நேற்று இருந்த இடத்தில் இன்று அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆழ்கடலில் அலை என்பது பெரும்பாலும் ஏறி இறங்கும் அசைவு மட்டுமே. நீர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாய்வதில்லை. படகும் அதனோடு ஏறி இறங்கும். ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையில் உராய்ந்து வேகம் குறைகிறது. மேற்பகுதி நிமிர்ந்து செங்குத்தாகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும் அது உடைந்து விழும். அதாவது, இரண்டு மீட்டர் உயர அலை சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். வெளியே நான்கைந்து மீட்டர் ஆழத்தில் அந்த அலையை எளிதாகத் தாண்டிய படகுக்கு, மேட்டின் மீது அதே அலை நீர்ச்சுவராக எதிர்ப்படுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் சற்று அதிகம் என்பதை நினைவில் கொண்டால், திறந்த வள்ளத்தின் மேல் அது விழும்போது என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஓதத்தின் பங்கு பெரிது. நீர் வற்றும் நேரத்தில் காயலின் நீரும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வேகமாக வெளியே பாய்கின்றன. எதிரே வரும் கடல் அலை இந்தப் பாய்ச்சலில் மோதி, நீளம் குறைந்து, உயரம் கூடி, முன்னதாகவே உடைகிறது. காலையில் அமைதியாகக் கடந்து சென்ற வாயிலை, அதே நாள் பிற்பகல் வற்று நேரத்தில் கடக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் மலையில் பெய்யும் மழை இந்த வெளிப் பாய்ச்சலை இன்னும் வலுவாக்குகிறது.

வெளியே செல்வதைவிட உள்ளே திரும்புவதே கூடுதல் ஆபத்து. செல்லும்போது ஓட்டுநர் அலையை நேருக்கு நேர் பார்க்கிறார். உடைவதற்குள் ஏறிவிடலாமா, பின்வாங்கலாமா என்று தீர்மானிக்க அவருக்கு நேரமுண்டு. திரும்புகையில் அலை முதுகுப்புறம் வருகிறது. படகின் பின்புறத்தை அது தூக்கும்போது அணியம் கீழே குத்துகிறது. படகு பக்கவாட்டில் திரும்புகிறது. அடுத்த அலை விலாவில் விழுகிறது. உந்துவிசிறி நுரையில் சுழன்று பிடிப்பை இழக்கும்; சில வேளை இயந்திரமே நின்றுபோகும். மீன் நிறையக் கிடைத்த நாள் என்றால் படகு தாழ்ந்து மிதக்கும். கவிழ்வதும் அந்த அளவுக்கு எளிது. கடலுக்குப் போனவனுக்கு வலை நிறைந்த நாளே ஆபத்தான நாளாகவும் அமைகிறது என்பது கொடுமை.

சரி, ஆபத்தான வாயிலுக்கு இருபுறமும் கல்சுவர் எழுப்பி, ஆழப்படுத்திவிட்டால் தீர்ந்தது அல்லவா? முதலப்பொழியில் அதைத்தான் செய்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் துவங்கிய துறைமுகப் பணி, மணல் அடைத்ததால் இடையில் தடைபட்டு, வடிவமைப்பு மாற்றப்பட்டு, 2020-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. சுவர் எழுந்ததும் அதுவரை வடக்கு நோக்கி நகர்ந்து வந்த மணல், தெற்கே பெருமாதுறைப் பக்கம் தேங்கத் தொடங்கியது. வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்குப் பகுதிகளில் கடலரிப்பு ஏற்பட்டது. தெற்குச் சுவரை ஒட்டி நிரம்பிய மணல் அதன் முனையைச் சுற்றி வாயிலுக்குள்ளேயே புகுந்தது. அலை இருபுறக் கற்களிலும் மோதித் திரும்புவதால் குறுகிய வாய்க்காலில் நீர் ஒழுங்கற்றுக் குமுறுகிறது; கவிழ்ந்த படகிலிருந்து நீந்துவோர் மணலில் ஒதுங்காமல் பாறையில் மோதுகின்றனர். பழைய பொழியில் தப்பிப் பிழைத்தவர்கள் இருந்தனர். கல்சுவர்களுக்கு நடுவே தப்புவது கடினம்.

விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்துக்கான பாறைகளைக் கடல் வழியே அனுப்ப இங்கு வசதி பெற்ற துறைமுக நிறுவனம், அதற்கு ஈடாக வாய்க்காலைத் தூர்வாரி ஆழத்தைப் பேண வேண்டும் என்று 2018-இல் உடன்பாடு செய்யப்பட்டது. அது உரிய முறையில் நடைபெறவில்லை என்பது மீனவர்களின் நெடுநாளைய புகார். 2025 ஏப்ரலில் நிலைமை உச்சத்தை எட்டியது. மணல் சேர்ந்து வாயிலே முழுதும் அடைபட்டு, படகுகள் வெளியேற வழியின்றிப் போயிற்று. கண்ணூர் மாவட்டம் அழீக்கலில் இருந்து பெரிய தூர்வாரும் கப்பலைக் கொண்டுவர நேர்ந்தது. கோடிகள் செலவிட்ட துறைமுகத்தில், பழங்காலத்தில் ஊர் மக்கள் மண்வெட்டியால் பொழி வெட்டியதைப் போன்று மீண்டும் பொழி வெட்ட வேண்டிய நிலை.

தமிழக எல்லைக்குள்ளும் இதே கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரவருணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டப்பட்ட மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்திலும் மணல் மேடிட்டு, அலையில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர் பகுதி மக்கள் 2022-இல் தொடர்ந்து போராடினர். அலைதடுப்புச் சுவர்களை நீட்டித்து மறுசீரமைக்க மாநில அரசு நிதி ஒதுக்கியது. குமரி மேற்குக் கடற்கரையின் தூத்தூர் மீனவர்கள் லட்சத்தீவுக்கு அப்பாலும் சென்று வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் வல்லுநர்கள். அத்தகையோரின் உறவினர்கள் சொந்த ஊர் வாயிலில் மாள்கின்றனர் என்றால், குறை அவர்களின் திறமையில் இருக்க வாய்ப்பில்லை.

கிழக்குக் கரைக்கும் விலக்கு இல்லை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உயிர்காப்பு அங்கி யாரிடமும் இல்லை. அங்கும் கடலோடு ஏரி கலக்கும் முகத்துவாரம் அடிக்கடி அடைபடுவதும், அதைத் திறந்து வைக்கக் கோரி மீனவர்கள் அரசிடம் முறையிடுவதும் பல்லாண்டு வழக்கம்.

தில்லியில் இந்தப் பிரச்னை எவ்வாறு பார்க்கப்படுகிறது என்பது தனிக் கதை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி, கரையோரக் கடல் எல்லைக்குள் மீன்வளம் மாநிலப் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. சிறு துறைமுகங்களை நிர்வகிப்பவை மாநிலங்கள். ஆனால் மீன்பிடித் துறைமுகங்களுக்கான பெரும் நிதி 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டம் வாயிலாக மத்திய அரசிடமிருந்து வருகிறது. வடிவமைப்பு ஆய்வு ஜல்சக்தி அமைச்சகத்தின் நிலையத்தில். அலை முன்னறிவிப்பு புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் ஹைதராபாதில். மீட்பு, கடலோரக் காவல் படையிடமும் மாநில மீன்வளத் துறையிடமும். வாயிலின் அகலம் சில நூறு மீட்டர்தான். அதற்குள் இத்தனை அலுவலகங்கள். இவற்றுள் எதுவும் இன்று கடக்கலாம், இன்று கடக்கக் கூடாது என்று நாள்தோறும் வாயிலில் நின்று சொல்லும் அலுவலகம் அல்ல.

2024 நவம்பரில் முதலப்பொழிக்கென ரூ.177 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இதில் 60 சதவீதம், அதாவது ரூ.106.20 கோடி மத்திய அரசின் பங்கு, எஞ்சிய ரூ.70.80 கோடி கேரளத்துடையது. அலைதடுப்புச் சுவரை நீட்டுவதே இதன் முதன்மைப் பணி. புணே நிலையத்தின் ஆய்வே இதற்கு அடிப்படை. சுவர் முனையை ஆழமான இடம் வரை கொண்டு சென்றால், மணல் அதைச் சுற்றிவரத் தாமதமாகும். அலையும் வாயிலுக்கு வெளியிலேயே உடையும் என்பது பொறியியல் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பில் பிழையில்லை. ஆனால், கடற்கரையில் மணல் நகர்வு நிற்கப் போவதில்லை. நீட்டிய சுவரின் தெற்கேயும் ஒருநாள் மணல் நிரம்பும். வடக்கேயுள்ள ஊர்களில் அரிப்பு என்னவாகும் என்ற கேள்வியும் உடன் வருகிறது. ஆண்டுதோறும் அளந்து, ஆண்டுதோறும் தூர்வாருவதற்கான நிரந்தர நிதி இல்லாமல் கட்டப்படும் எந்தச் சுவரும் சில ஆண்டுகளுக்கான ஏற்பாடாகவே இருக்கும். கட்டுமானத்துக்குப் பணம் தருவதில் தில்லிக்கு உள்ள ஆர்வம், பராமரிப்புக்குத் தருவதில் எப்போதும் இருந்ததில்லை. மணலுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது அல்லவா!

2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில் சுமார் ரூ.76,000 கோடி மதிப்பிலான வாத்வண் துறைமுகத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதே மேடையில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது. ஒக்கிப் புயல் 2017-இல் புகட்டிய பாடத்துக்குப் பின்னர் அவசியம் தேவைப்பட்ட திட்டம் அது. ஆழ்கடலில் இருப்போருக்கு எச்சரிக்கை சென்றடையும். ஆனால் பொழிமுகத்தில் கவிழும் வள்ளத்துக்குச் செயற்கைக்கோள் செய்தியால் பயன் குறைவு. அங்கே எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஹைதராபாதில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் சிறு படகுகளுக்கெனத் தனி முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. அலையின் உயரம், செங்குத்துத் தன்மை, காற்றின் திடீர் வேகம் ஆகியவற்றைக் கொண்டு படகுப் பாதுகாப்புக் குறியீடு கணக்கிடப்படுகிறது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புயலால், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையைத் தாக்கும் 'கள்ளக்கடல்' அலைகளையும் இம்மையம் முன்கூட்டியே சொல்கிறது. 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை வாரிச் சென்றது இத்தகைய அலைதான். பாராட்டத்தக்க பணி. எனினும், திறந்த கடலின் அலை உயரம் தெரிந்தால் மட்டும் பொழிமுகத்தின் நிலை தெரிந்துவிடாது. மேட்டின் மீது அன்று எத்தனை மீட்டர் நீர் நிற்கிறது, வற்று எத்தனை மணிக்கு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு முழுமை பெறும். புணேயில் கணிக்கப்படும் மணலும் ஹைதராபாதில் கணிக்கப்படும் அலையும் ஒரே அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆற்று வாய் 'பசிபிக்கின் இடுகாடு' என்றே பெயர் பெற்றது. அங்கே அந்நாட்டுக் கடலோரக் காவல் படை, அலை அளவு மீறும் நாள்களில் சிறு படகுகளுக்கு வாயிலையே மூடிவிடுகிறது; கொந்தளிக்கும் அலையில் மீட்புப் படகு ஓட்டப் பயிற்சி தரும் பள்ளியையும் அதே வாயிலின் அருகில் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆற்று வாயைக் கடக்கும்போது படகில் உள்ள அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டக் கட்டாயம். வாயில்களில் காமிராக்கள் பொருத்தி, புறப்படுமுன் வீட்டிலிருந்தே பார்க்கவும் வழி செய்துள்ளனர். இவ்வளவுக்குப் பிறகும் ஆபத்து அறவே நீங்கிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. 2016 நவம்பர் 26-இல் நியூசிலாந்தின் கைபாரா வாயிலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து அதிலிருந்த 11 பேரில் 8 பேர் இறந்தனர். அதே நாட்டின் மனுகாவ் வாயிலில் 1863 பிப்ரவரி 7-இல் 'ஆர்ஃபியஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மணல் மேட்டில் ஏறி 189 பேர் மாண்டனர். கப்பலில் இருந்த வரைபடம் பழையது; மணல் மேடோ அதற்குள் இடம் மாறியிருந்தது.

நம் நாட்டிலும் மழைக்காலத்தில் வாயிலைத் தவிர்ப்பது புதிய அறிவு அல்ல. கொங்கணக் கரையின் கோலி மீனவர்கள் ஆவணிப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்த பின்னரே படகை இறக்குவர். மும்பை கேட்வேயிலிருந்து மாண்ட்வா செல்லும் சிறு பயணிகள் படகுகள் இன்றும் மழைக்காலத்தில் நிறுத்தப்படுகின்றன. கோவாவில் 2017 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே மாண்டவி ஆற்று வாயைக் கடக்க முயன்ற சூதாட்டக் கப்பல் ஒன்று மிராமர் கடற்கரையில் தரைதட்டி, காட்சிப் பொருளாகப் பல மாதங்கள் கிடந்தது. கப்பலுக்கு உரியவர்கள் காத்திருந்திருக்கலாம். அவர்களுக்கு மறுநாள் அடுப்பெரியாத கவலை இல்லை.

மீனவருக்கு அந்த வசதி இல்லை என்பதே இப்பிரச்னையின் முடிச்சு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். கேரளம் தன் கரையோரக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாள்கள் தடை விதிக்கிறது. பாரம்பரிய வள்ளங்களுக்கு இதில் விலக்கு உண்டு. மீன்வளம் பெருக வேண்டும், ஏழை மீனவன் பிழைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அளிக்கப்பட்ட விலக்கு அது. பெரிய படகுகள் வராத அந்நாள்களில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஆண்டின் மிகச் சீற்றமான அலையும், மிக வேகமான ஆற்றுப் பாய்ச்சலும், மிகச் சிறிய படகும் ஒரே வாயிலில் சந்திப்பதும் அதே நாள்களில்தான். உயரமான, வலுவான விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்க, வெளிப்பொருத்து இயந்திரம் மாட்டிய திறந்த வள்ளங்கள் கொந்தளிப்பைக் கடக்கின்றன. மீன் குஞ்சுகளைக் கருதி வகுத்த விதி, வள்ளத்தில் இருப்பவரைக் கருதவில்லை.

விலக்கை ரத்து செய்வது தீர்வாகாது. அது பட்டினிக்கு வழி. ஆனால், வாயில் மூடப்படும் நாளுக்கு ஈட்டுத்தொகை வழங்க முடியும். கேரளத்தில் எச்சரிக்கை நாள்களில் வேலையிழப்புக்கு உதவி கேட்டு மீனவர் அமைப்புகள் பலமுறை குரல் எழுப்பியுள்ளன. இறந்தபின் வழங்குவதற்கு ஏற்பாடு இருக்கிறது: மத்திய அரசின் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், பகுதி ஊனத்துக்கு ரூ.2.50 லட்சம். ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கு ஈடாகத் தர வேண்டிய தொகை அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை நிதித் துறை அதிகாரிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உயிர்காப்பு அங்கியை மானிய விலையில் கொடுப்பதோடு அரசுகள் நின்றுவிடுகின்றன. வெயிலில் வலை இழுப்பவர் கனத்த அங்கியை நாள் முழுதும் அணிய மாட்டார், அது இயல்பு. வாயிலைக் கடக்கும் பத்து நிமிடங்களுக்கு மட்டும் அணிவதைக் கட்டாயமாக்கினால் அவர் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. வாயிலின் இருபுறமும் கொடியும் விளக்கும், கரையில் எந்நேரமும் தயாராக ஒரு மீட்புப் படகும், அதை ஓட்ட உள்ளூர் மீனவ இளைஞர்களும் என்ற ஏற்பாட்டுக்கு ரூ.177 கோடி தேவையில்லை. பொழியை அறிந்தவர்கள் அவர்களே. முதலப்பொழியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கவிழ்ந்த படகுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலானோரைக் காப்பாற்றியவர்கள் அருகில் இருந்த மற்ற மீனவர்கள்தான்.

கடக்வாஸ்லாவின் அலைத் தொட்டியில் நீரை நிறுத்தலாம். வேண்டியபோது மீண்டும் ஓடவிடலாம். முதலப்பொழியில் சுவர் நீட்டிப்புப் பணி முழுமையடைய இன்னும் பருவமழைகள் கடக்க வேண்டியிருக்கும். அவை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், ஜூன் 9 நள்ளிரவில் விசைப்படகுகள் துறையில் கட்டப்படும்; மறுநாள் அதிகாலை வள்ளங்கள் வாயிலை நோக்கிப் புறப்படும்.